சிஎன்சி ரௌட்டர் வாங்கப் போறீங்களா? மீதிப் பணம் அனுப்பும் முன் இதைப் படிச்சிடுங்க

வீட்டுப் பட்டறைக்குச் சின்னதாக ஒரு சிஎன்சி ரௌட்டர் (கம்ப்யூட்டர் சொல்கிறபடி மரத்தைச் செதுக்கும் மெஷின்) வாங்கலாம் என்று யோசிக்கும் வேலூர், காட்பாடி, குடியாத்தம், ராணிப்பேட்டை பக்கத்து நண்பர்களுக்காக இதை எழுதுகிறேன். நம்மில் பலர் வீடியோவைப் பார்த்துத்தான் ஆர்டர் கொடுக்கிறோம். விற்றவரின் பெயரை இங்கே போடவில்லை, புகார் நுகர்வோர் ஆணையத்தில் இருக்கிறது. அவர் செய்த வேலையை மட்டும் சொல்கிறேன்.

நான் கேட்டது இரண்டடிக்கு மூன்றடி மெஷின். பூஜை அறைக் கதவு, பெயர்ப் பலகை, மரத்தில் சாமி உருவம் என்று ஓய்வு நேரத்தில் செய்து பார்க்கும் ஆசை. காட்பாடியில் வீட்டை ஒட்டிய ஷெட்டை இதற்காகவே காலி செய்து வைத்தேன். வெளியூர்க்காரர் கொடுத்த கொட்டேஷனில் எல்லாமே தெளிவாக இருந்தது: மூன்று ஆக்ஸிஸிலும் (மெஷின் நகரும் திசைகள்) 1605 பால் ஸ்க்ரூ (நகர்த்தும் திருகுத் தண்டு), 2.2 கிலோவாட் வாட்டர் கூல்டு ஸ்பிண்டில் (பிட்டைச் சுற்றும் மோட்டார்), ஈஆர்20 காலட் (பிட்டைப் பிடிக்கும் கவ்வி), செட்டிங் போட்டு ஓட்டிப் பார்த்த விஎஃப்டி (ஸ்பிண்டில் வேகத்தைக் கட்டுப்படுத்தும் பெட்டி), வீட்டுக்கே வந்து இன்ஸ்டலேஷன். ஜிஎஸ்டி சேர்த்து 1,85,000 ரூபாய். பாதி அட்வான்ஸ், மீதி மெஷின் ரெடியானதும்.

மீதியைக் கேட்கும்போது ஒரு வீடியோ வந்தது. ஸ்பிண்டில் சுற்றுகிறது, மெஷின் காற்றிலேயே பூ வரைகிறது. ஒரு தேக்குத் துண்டில் வெட்டிக் காட்டுங்கள் என்றேன். "லாரி வெளியில நிக்குது சார், இன்னிக்கு விட்டா அடுத்த வாரம்தான்" என்றார். முழுப் பணமும் போய்ச் சேர்ந்த பிறகுதான் பார்சல் ரசீது வந்தது.

பெட்டியைப் பிரித்ததும் முதலில் மாட்டியது காலட்தான். 12 மில்லிமீட்டர் தண்டுள்ள பிட் வாங்கி வைத்திருந்தேன். அது உள்ளேயே போகவில்லை. நட்டைக் கழற்றினால் ஈஆர்11. அதில் 7 மில்லிமீட்டருக்கு மேல் பிடிக்காது, ஈஆர்20 என்றால் 13 வரை பிடிக்கும். ஸ்பிண்டில் மேல் 2.2 கிலோவாட் என்று பளபளவென ஒரு ஸ்டிக்கர். அதன் ஓரத்தை நகத்தால் நெம்பிப் பார்த்தேன். அடியில், உலோகத்திலேயே பொறித்த எழுத்து: 1.5 கிலோவாட். தெரியாமல் மாறிப்போன சாமான் மேல் யாரும் ஸ்டிக்கர் ஒட்டுவதில்லை.

அடுத்து இசட் ஆக்ஸிஸ், அதாவது ஸ்பிண்டில் மேலும் கீழும் போகும் பகுதி. ராணிப்பேட்டையில் லேத் வைத்திருக்கும் தம்பி ஒருவர் வந்து முன் கவரைக் கழற்றினார். "இன்னாண்ணா இது, வெளிய தெரியிற ரெண்டும் பால் ஸ்க்ரூ, உள்ள மட்டும் டி8 ராடு. த்ரீடி பிரிண்டர்ல போடறது." 16 மில்லிமீட்டர் பால் ஸ்க்ரூ இருக்க வேண்டிய இடத்தில் 8 மில்லிமீட்டர் ராடும் பித்தளை நட்டும். டயல் கேஜை வைத்து ஸ்பிண்டிலைக் கையால் தூக்கி இறக்கினார். முள் 0.4 மில்லிமீட்டர் போய் வந்தது. முனை கூரான வி-பிட்டில் எழுத்து வெட்டும்போது ஆழம்தான் கோட்டின் அகலம். அதனால் ஒரே பலகையில் ஓர் எழுத்து தடித்தும் அடுத்தது மெலிந்தும் வந்தது. போட்டோவில் தெரிகிற இடத்தில் நல்ல பொருள், கவருக்குள் மலிவுப் பொருள். இந்த வியாபாரத்தில் ஏமாற்று நடக்கும் இடம் இதுதான்.

விஎஃப்டி 50 ஹெர்ட்ஸ் செட்டிங்கிலேயே வந்திருந்தது. இந்த வகை ஸ்பிண்டில் 400 ஹெர்ட்ஸில் 24,000 சுற்றுக்கானது. பேஸ் ஃப்ரீக்வன்சியை 50-லேயே விட்டுவிட்டு ஓட்டினால் அந்த 50 ஹெர்ட்ஸிலேயே முழு 220 வோல்ட்டும் உள்ளே போகும், காயில் சூடேறிக் கருகிவிடும். தம்பி கவனித்ததால் ஸ்பிண்டில் தப்பியது. ஓட்டிப் பார்த்து அனுப்பினோம் என்றவரின் வீடியோவில் ஓடியது என் மெஷினே இல்லை என்பதும் அப்போதுதான் புரிந்தது.

இதெல்லாம் பண நஷ்டம். இனி சொல்லப் போவது உயிர் சம்பந்தப்பட்டது.

இன்ஸ்டலேஷனுக்கு என்று ஒரு பையனை அனுப்பினார்கள். ஸ்விட்சைப் போட்டதும் வீட்டின் ஆர்சிசிபி (மின்கசிவு இருந்தால் லைனைத் துண்டிக்கும் ஸ்விட்ச்) ட்ரிப் ஆனது. திரும்பப் போட்டால் திரும்ப ட்ரிப். விஎஃப்டியில் உள்ள ஃபில்டர் வழியாகக் கொஞ்சம் மின்சாரம் எர்த்துக்குக் கசிவது வழக்கம், அதனால் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி ட்ரிப் ஆவதும் உண்டு. அதற்குத் தனி லைன் இழுத்து, விஎஃப்டிக்கு ஏற்ற வகை ஆர்சிசிபி போட வேண்டும். அந்தப் பையன் முதலாளிக்குப் போன் போட்டார். அவர் சொன்ன பதில் ஸ்பீக்கரில் எனக்கே கேட்டது: "எர்த்தை எடுத்துடு, எல்லா இடத்துலயும் அப்படித்தானே பண்றோம்." நான் தடுப்பதற்குள் கட்டரை எடுத்துப் பச்சை வயரை வெட்டிவிட்டார். மெஷின் ஓடியது. அவரும் கிளம்பிவிட்டார்.

ஸ்பிண்டிலைத் தாங்கும் பாலமான கேன்ட்ரியில் புறங்கை பட்டதும் சுர்ரென்றது. டெஸ்டர் வைத்தால் எரிகிறது. மெயினை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டேன். அவர் ஸ்பிண்டில் தலையில் இருக்கும் நாலு பின் சாக்கெட்டைத் திறந்தார். நாலாவது பின் எர்த்துக்கானது, அதில் வயரே இல்லை. அதாவது பச்சை வயரை வெட்டாமல் விட்டிருந்தாலும் ஸ்பிண்டில் உடம்புக்கு எர்த் கிடையாது. வாட்டர் கூல்டு ஸ்பிண்டில், சுற்றிலும் தண்ணீர்க் குழாய், கீழே பக்கெட்டில் பம்ப். என் மகன் பள்ளி விட்டதும் நேராக அந்த ஷெட்டுக்குத்தான் வருவான். 'எல்லா இடத்துலயும்' என்று அவர் சொன்ன வீடுகளை நினைத்தால் இன்னும் மனசு ஆறவில்லை. இந்தப் பதிவை எழுத வைத்ததும் அந்த வார்த்தைதான்.

இப்போது வீட்டின் டிபி பெட்டியிலிருந்து தனி லைன், தனி ஆர்சிசிபி, ஸ்பிண்டிலுக்கு நாலு கோர் ஷீல்டு கேபிள், உடம்பிலிருந்து முறையான எர்த், இசட்டுக்குப் புது பால் ஸ்க்ரூ என்று என் செலவில் சரி செய்திருக்கிறேன்.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோதுதான் அவருடைய முன்னேற்பாடு தெரிந்தது. பில்லில் 'மெஷினரி ஸ்பேர்ஸ்' என்று ஒரே வரி. வாட்ஸ்அப்பில் மெசேஜ் தானாக அழியும் வசதியை 7 நாளுக்கு வைத்திருந்தார், உரையாடலில் கொட்டேஷனே இல்லை. வந்த அன்றே நான் பிரிண்ட் எடுத்து வைத்ததால் இன்று கையில் ஆதாரம் இருக்கிறது. பிறகு, "மெஷின் வாங்கினா அது பிசினஸ் சார், நீங்க கன்ஸ்யூமரே இல்ல" என்றும் மிரட்டிப் பார்த்தார். இது யாரையும் பயமுறுத்த வேண்டாம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் வணிக நோக்கத்துக்கு வாங்கியவருக்குத்தான் விலக்கு. சொந்த உபயோகத்துக்கு வாங்கியவரும், பிழைப்புக்காகத் தானே ஓட்ட வாங்கியவரும் நுகர்வோர்தான். விற்றவர் ஊருக்கு அலையவும் வேண்டாம், நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமும் இல்லை. நான் முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்து பதிவு செய்தேன், பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்பினேன், பதில் இல்லாததால் வேலூர் மாவட்ட ஆணையத்தில் புகார் கொடுத்திருக்கிறேன். புகார் கொடுக்கக் காலக்கெடு 2 ஆண்டு.

புதிதாக வாங்குபவர்கள், பில்லில் ஸ்பிண்டில் வாட், காலட் அளவு, ஒவ்வொரு ஆக்ஸிஸின் ஸ்க்ரூ எல்லாம் வரி வரியாக வர வேண்டும் என்று அட்வான்ஸுக்கு முன்பே சொல்லிவிடுங்கள். பில்லில் உள்ள ஜிஎஸ்டி எண்ணை ஜிஎஸ்டி தளத்தில் போட்டால் அது நடப்பில் இருக்கிறதா, ரத்தானதா என்று தெரியும். உங்கள் பெயரை ஒரு பலகையில் வெட்டச் சொல்லி, இசட் கவரைக் கழற்றி, வீடியோ காலில் காட்டச் சொல்லுங்கள். மறுப்பவரிடம் மீதிப் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

ஏற்கெனவே வாங்கி ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் இன்றைக்கே ஒன்று செய்யுங்கள். மெயினை அணைத்து, பிளக்கை உருவிவிட்டு, மல்டிமீட்டரை கன்டினியூட்டியில் (தொடர்பு இருந்தால் பீப் அடிக்கும் செட்டிங்) வையுங்கள். ஒரு முனை பிளக்கின் பெரிய பின்னில், இன்னொன்று ஸ்பிண்டில் உடம்பில். பிறகு கேன்ட்ரியிலும் பாருங்கள். அலுமினியத்தின் அனோடைஸ் பூச்சு மேல் வைத்தால் பீப் வராது, போல்ட் தலையில் வைக்க வேண்டும். இரண்டில் ஒரு இடத்தில் பீப் வராவிட்டாலும், எலக்ட்ரீஷியன் வந்து சரி செய்யும் வரை அந்த மெஷினை ஓட்டாதீர்கள், பிள்ளைகளைக் கிட்டே விடாதீர்கள்.