ஈசிஎம் (எஞ்சின கண்ட்ரோல் பண்ற கம்ப்யூட்டர் பெட்டி) போச்சுன்னு சொல்லி 72,000 வாங்கிட்டாங்க, லாரி வச்சிருக்கவங்க கொஞ்சம் படிங்க

எல்லாருக்கும் வணக்கம்ங்க. நான் நாமக்கல் பக்கம், சொந்தமா ஒரே ஒரு 12 வீல் வண்டி, 2018 மாடல் பிஎஸ்4, நானே ஓட்றேன், தூர டிரிப்புனா மச்சானும் கூட வருவாப்ல. மூணு வாரம் முன்னாடி நடந்தது இது. கடை பேரு போட வேணாம்னு வக்கீல் சொல்லிட்டாரு, அதனால போடல.

தாவணகெரேல மக்காச்சோளம் ஏத்திட்டு இங்க கோழித்தீவன மில்லுக்கு வந்துட்டு இருந்தோம், ஓசூர் தாண்டுற வரைக்கும் ஒரு குறையும் இல்ல. நைட்டு பூரா மழை. விடிகாலைல கிருஷ்ணகிரிக்கு முன்னாடி செக் எஞ்சின் லைட்டு மினுக் மினுக்குனு வந்துச்சு, அப்புறம் ரேஸ் எடுக்கல, ஓரங்கட்டறதுக்குள்ள ஆஃப். செல்ப் நல்லா சுத்துது, ஸ்டார்ட் ஆகல. டீசல் இருக்கு, ஏர் புடிக்கல, பியூஸ் எல்லாம் பார்த்தாச்சு. ரோட்டோரம் டீக்கடைக்காரர்தான் ஒரு ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடையச் சொல்லி போன் போட்டுக் கொடுத்தாரு, அவருக்கு இதுல பங்கு இருக்கோ இல்லையோ தெரியல, இருக்காதுன்னு நெனச்சுக்கறேன்.

வந்தவன் டிப் டாப்பா இருந்தான், கைல டேப்லெட்டு, ஸ்கேனர். சொருகிப் பார்த்துட்டு அஞ்சு எரர் கோடு காட்டுனான். பூஸ்ட் பிரஷர், ரெயில் பிரஷர், ஆக்ஸிலேட்டர் பெடல், இன்னும் ரெண்டு. "அண்ணா நீங்களே சொல்லுங்க, அஞ்சு சென்சாரு ஒரே நேரத்துல போகுமா? அப்ப அஞ்சுக்கும் தலையா இருக்கற பெட்டிதானே போயிருக்கணும்"னான். கேக்கறதுக்கு நியாயமா இருக்குதுங்களா? எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு. இதுக்கு மேல ஒரு கேள்வி கேட்டான் பாருங்க, அதுலதான் நான் விழுந்தேன். "சமீபத்துல வண்டில வெல்டிங் ஏதாச்சும் வெச்சீங்களா?" போன மாசம்தான் பம்பர் பிராக்கெட் விட்டுப்போயி சங்ககிரில பத்து நிமிசத்துல ஒட்டுனோம், பேட்டரி டெர்மினல் கழட்டல, சோம்பேறித்தனம். வெல்டிங் கரண்டு ஈசிஎம்ம அடிச்சுரும்னு எல்லாரும் சொல்றது நெசந்தான, நம்ம தப்புதான்னு மனசுக்குள்ள முடிவே பண்ணிட்டேன். இப்ப யோசிச்சா லாரிக்காரன் பத்து பேர்ல எட்டு பேரு எப்பவாச்சும் பேட்டரி கழட்டாம வெல்டிங் வெச்சிருப்பான், அந்தக் கேள்விய யாருகிட்ட கேட்டாலும் ஆமான்னுதான் வரும். வெல்டிங்ல அடிபட்ட பெட்டி ஒரு மாசம் நல்லா ஓடிட்டு மழை பேஞ்ச அன்னிக்குன்னு பார்த்து நிக்குமான்னு எனக்கு அப்ப தோணவே இல்ல.

புதுசு 1,10,000 ஆகும், வர பத்து நாள் ஆகும், எக்ஸ்சேஞ்சுல கைல ஒண்ணு இருக்கு, 68,000, கூலி 4,000ன்னான். பத்து நாளு லோடோட ரோட்ல நின்னா மக்காச்சோளம் முளைச்சுரும், பார்ட்டி வேற போன் மேல போன். எங்கிட்ட 40 இருந்துச்சு, மீதிய மச்சான் ஜிபே போட்டாப்ல. கடை நம்பருக்கு இல்லைங்க, ஏதோ ஒரு பொம்பள பேரு வந்துச்சு, அதையும் பாத்துட்டுத்தான் போட்டோம்.

"நீங்க போயி சாப்ட்டு வாங்கண்ணா, ஒன்றரை மணி நேரம் ஆகும்"னு சொன்னான். போனோம். இட்லி தின்னுட்டு வந்து பாத்தா புதுப்பெட்டி மாட்டிட்டு இருக்கான். டீசல் துணில தொடச்சு பளபளன்னு இருக்கு, ஆனா ஸ்டிக்கர் பாதி கிழிஞ்சிருக்கு, மூடி ஓரத்துல ஸ்குரூடிரைவர் வெச்சு நெம்புன தடம், அதுக்கு மேல புதுசா கருப்பு சிலிக்கான் பூசி இன்னும் கைல ஒட்டுது. கேட்டதுக்கு "சர்வீஸ் பண்ண பெட்டிண்ணா, அப்படித்தான் இருக்கும்". எங்க பழைய பெட்டி எங்கடான்னா "எக்ஸ்சேஞ்சுனா அது கம்பெனிக்குப் போயிரும்". எந்தக் கம்பெனின்னு கேக்கத் தெரியல எனக்கு. சாவியப் போட்டான், ஒரே செல்ப்ல ஸ்டார்ட். காசு கொடுத்தது கூட மறந்து போச்சு, அந்த சத்தம் கேட்டதும் அவ்ளோ சந்தோசம்.

சந்தோசம் தர்மபுரி வரைக்கும்தான். ஐடிலிங்ல வண்டி ஆடுது, ஏத்தத்துல கரும்புகை, பிக்கப் இல்ல. அதெல்லாம் பரவால்ல, தொப்பூர் கணவாய் எறக்கத்துல எக்ஸாஸ்ட் பிரேக் (எஞ்சின் புகைய அடைச்சு வண்டிய மெதுவாக்கற பிரேக்) சுவிட்ச்ச போட்டா ஒண்ணும் புடிக்கல. தொப்பூர் எறக்கம் எப்படின்னு இந்த ரூட்ல ஓடறவங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல, அங்க பிரேக் இல்லாம போயி மோதுன வண்டிங்கள எத்தன தடவ ஓரத்துல பாத்திருப்போம். பின்னாடி லோடு 20 டன்னு. செகண்ட் கியர்லயே, கால் பிரேக்க விட்டு விட்டு மிதிச்சு எறக்குனேன், மச்சான் வாயே தொறக்கல, கீழ வந்து நிறுத்துனப்ப லைனர் கருகுன வாசம் கேபினுக்குள்ள. 72,000 போனதுக்கு இல்லைங்க, அந்த முக்கா மணி நேரத்துக்குத்தான் இந்தப் பதிவே எழுதறேன்.

லோடு எறக்கிட்டு நாமக்கல்ல நமக்குப் பழக்கமான எலக்ட்ரீஷியன் அண்ணன்கிட்ட விட்டேன். ஸ்கேனர் போட்டதும் மொதல்ல அவரு கேட்டது "ஏப்பா இது யாரு வண்டி?" பெட்டிக்குள்ள இருக்கற சேஸ் நம்பரு என் வண்டியோடது இல்ல. ஏதோ ஸ்கிராப் ஆன டிப்பர்ல இருந்து கழட்டுனதா இருக்கும்னாரு. வெளிய பாத்தா ஒரே பெட்டி, ஆனா உள்ள இருக்கற புரோகிராம் வண்டிக்கு வண்டி மாறும், டிப்பருக்கு ஒண்ணு, லோடு வண்டிக்கு ஒண்ணு, எக்ஸாஸ்ட் பிரேக் உண்டா இல்லையாங்கறது கூட அதுலதான் எழுதியிருக்குமாம். அப்புறம் இன்ஜெக்டர் கோடு. ஒவ்வொரு இன்ஜெக்டர் தலையிலயும் எழுத்தும் நம்பருமா ஒரு கோடு அடிச்சிருக்கும், எந்த இன்ஜெக்டர் எவ்ளோ கூடக் கொறய டீசல் அடிக்கும்ங்கற கணக்கு அது. ஈசிஎம் மாத்துனா அந்த ஆறையும் பாத்துப் பாத்து ஏத்தணும். என் வண்டில இருந்தது அந்த டிப்பரோட ஆறு கோடு. ஆட்டம், புகை எல்லாம் அதுலதான்.

அதுக்கப்புறம்தான் மேட்டரே. "உன் பழைய பெட்டி நெசமாவே போயிருக்குமான்னு பாப்போம்"னு வயரிங்க கையால தடவிக்கிட்டே போனாரு. டர்போ பக்கத்துல ஒரு பிராக்கெட், அங்க ஹார்னஸ் (வயர் கட்டு) மேல ஒரு சாண் நீளத்துக்குப் புது கருப்பு டேப்பு. சுத்தியும் ஆறு வருச அழுக்கு, அந்த டேப்பு மட்டும் ஒரு பொட்டு தூசி இல்லாம மின்னுது. பிரிச்சுப் பாத்தா ரெண்டு வயரு வெட்டி ஒட்டு போட்டிருக்கு, பக்கத்து வயர்ல தோல் தேஞ்சு செம்பு பச்சை பூத்துப் போயி இருக்கு. பிராக்கெட்டுல உரசி உரசி வயரு தேஞ்சு, மழைத்தண்ணி பட்டு 5 வோல்ட் லைன் பாடில அர்த் ஆயிருக்கு. அவ்ளோதான் கம்ப்ளைண்டு.

அண்ணன் சொன்ன வெவரம் எனக்கு அப்பத்தான் புரிஞ்சுது. ஈசிஎம் சென்சாருக்கெல்லாம் 5 வோல்ட் கொடுக்குது, ஒரே லைன்ல நாலஞ்சு சென்சாரு தொங்கும், சில பெட்டில இப்படி ரெண்டு மூணு லைன் இருக்கும். வயக்காட்டுல மெயின் பைப்பு உடைஞ்சா எல்லா பாத்திக்கும்தான தண்ணி நிக்கும், அதுக்கு மோட்டார் போச்சுன்னு மோட்டார மாத்துவியான்னு கேட்டாரு. அஞ்சு கோடு சேர்ந்து வந்ததே வயரப் பாருன்னு சொல்ற அடையாளம்தானாம். அந்தப் பையன் அதையே திருப்பிப் போட்டு என்கிட்ட வித்துட்டான்.

அப்ப நாங்க இட்லி தின்ன நேரத்துல அவன் கம்ப்ளைண்ட்டக் கண்டுபுடிச்சு சரி பண்ணி, அதுக்கப்புறம் நல்லா இருந்த என் பெட்டியக் கழட்டி உள்ள வெச்சுட்டு இதை மாட்டியிருக்கான். தொழில் தெரியாதவன்னா கூட மன்னிச்சுரலாம், இவன் நல்லாவே தெரிஞ்சவன்.

திரும்பப் போயி கேட்டதுக்கு பழசு ஸ்கிராப்புக்குப் போயிருச்சு, நீங்க சம்மதிச்சுத்தான மாத்துனீங்கன்னு பேசறான். என்கிட்ட இருக்கறது எஸ்டிமேட்னு எழுதுன துண்டுச் சீட்டு, கடை பேரு கூட சீல்ல பாதிதான் விழுந்திருக்கு, ஜிஎஸ்டி நம்பர் இல்ல. கன்ஸ்யூமர் ஹெல்ப்லைன் 1915க்கு போன் பண்ணி கம்ப்ளைண்ட் பதிஞ்சிருக்கேன். யாவார வண்டிக்கு கன்ஸ்யூமர் கேஸ் நிக்காதுன்னு லாரி ஷெட்ல எல்லாரும் சொன்னாங்க, வக்கீல்ட்ட கேட்டா அப்படி மொத்தமா இல்ல, சொந்தமா ஓட்டி அதுலயே பொழப்பு நடத்தறவனுக்கு 2019 சட்டத்துல எடம் இருக்குன்னாரு, 5 லட்சம் வரைக்கும் பீஸும் கெடையாதாம். ஜிபே ரசீதும் பெட்டிக்குள்ள இருக்கற சேஸ் நம்பர் தெரியற ஸ்கேனர் போட்டோவும்தான் இப்ப கைல இருக்கற சாட்சி.

இன்ஜெக்டர் கோடு ஏத்தி, கம்பெனி சர்வீஸ் சென்டர்ல என் சேஸ் நம்பருக்கு உண்டான புரோகிராம் போட்டு, வயரிங்க ஒழுங்கா ஸ்லீவ் போட்டுக் கட்டி இன்னொரு 11,500 ஆச்சு. எக்ஸாஸ்ட் பிரேக் இப்ப புடிக்குது. மொதல்லயே அந்த அண்ணன் பாத்திருந்தா எவ்ளோ ஆயிருக்கும்ணான்னு கேட்டேன், வயரு, டேப்பு, கூலி எல்லாம் சேத்து 1,500ன்னாரு, சிரிக்கல.

உங்களுக்கு இப்படி நடந்தா அண்ணன் சொன்னத சொல்லிடறேன். ஈசிஎம் சாக்கெட்டுல பேட்டரி கரண்டும் அர்த்தும் சரியா வருதான்னு மொதல்ல பாக்கச் சொல்லுங்க, அர்த் வயரு துரு புடிச்சாலே பெட்டி செத்த மாதிரி நடிக்கும். அடுத்து 5 வோல்ட் இருக்கான்னு மீட்டர் வெச்சு உங்க கண்ணு முன்னாடி காட்டச் சொல்லுங்க, இல்லன்னா சென்சாரு பிளக்க ஒண்ணொண்ணா கழட்டட்டும், எதைக் கழட்டுனா 5 வோல்ட் திரும்பி வருதோ அங்கதான் கோளாறு, எல்லாத்தையும் கழட்டியும் வரலன்னா வயரா, இல்ல பெட்டியேவான்னு அடுத்து பாக்கணும். ஸ்கேனர் பேசவே இல்லன்னா பேட்டரி கழட்டிட்டு கேன் வயரு (பெட்டிங்க ஒண்ணோட ஒண்ணு பேசிக்கற ஜோடி வயரு) ரெண்டுக்கும் நடுவுல 60 ஓம் வருதான்னு பாக்கணும். இத்தனையும் பாக்காம பெட்டிய மாத்தறேங்கறவன்கிட்ட வண்டிய விடாதீங்க. அப்படியே மாத்துற நெலம வந்தாலும் கழட்டறதுக்கு முன்னாடி பழைய பெட்டி ஸ்டிக்கர போட்டோ எடுங்க, ஆயிரம் எக்ஸ்சேஞ்சுன்னாலும் பழச கைல வாங்கிட்டு வாங்க, சாப்ட போகாதீங்க.

நான் போட்டோ எடுத்து வெக்கல. ஆனா என் பெட்டிக்கு ஒரு அடையாளம் இருக்கு. ரெண்டு வருசம் முன்னாடி எஃப்சிக்கு பெயிண்ட் அடிக்கறப்ப ஆரஞ்சு பெயிண்டு ஒரு சொட்டு மூடி மேல வலது மூலைல தெறிச்சு அப்படியே காஞ்சு போச்சு, தொடச்சாலும் போகாது. கிருஷ்ணகிரி, ஓசூர், சேலம் பக்கம் யாராச்சும் உங்ககிட்ட எக்ஸ்சேஞ்சு பெட்டின்னு நீட்டுனா, அதுல ஆரஞ்சு சொட்டு இருந்தா, அதை மாட்ட விடாம எனக்கு ஒரு மெசேஜ் போடுங்க.