அத்தையின் எச்சிலும் ஒரு டர்பன் உறவும்

உமிழ்நீரை அனுப்பினால் வம்சாவளி சொல்லும் டிஎன்ஏ பரிசோதனைப் பெட்டியை 8,000 ரூபாய் கொடுத்து வாங்கினேன். எந்த நிறுவனம் என்பது வேண்டாம்.

முன்னோரின் பங்கு தலைமுறைக்குத் தலைமுறை பாதியாகக் குறைகிறது. அதனால் வீட்டில் மூத்தவரைச் சோதிப்பதுதான் லாபம். சென்னை ராயபுரத்தில் என்னோடு இருக்கும் அத்தைக்கு வயது 78. அரை மணி நேரம் எதையும் உண்ணவோ குடிக்கவோ கூடாது என்று தாளில் போட்டிருந்தார்கள். வெற்றிலை பாக்கைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. வறண்ட வாயால் குழாயைக் கோடு வரை நிரப்ப அத்தைக்கு இருபது நிமிடம் பிடித்தது. நுரை கணக்கில் சேராது. வந்ததும் செங்கல் நிறத்தில் வந்தது. "துப்புவதற்கு எட்டாயிரமா? வாசலில் துப்பினால் யார் காசு கேட்கிறார்கள்?" என்றார். மூன்று வாரம் கழித்து, மாதிரி சரியில்லை என்று மின்னஞ்சல். மறுமுறை முதல் நாள் இரவே வெற்றிலைப் பெட்டியை ஒளித்துவைத்தேன். அன்று வீட்டில் யாருக்கும் நிம்மதி இல்லை.

முடிவு: தென்னிந்தியா 96 விழுக்காடு. கல்மண்டபம் மார்க்கெட்டில் மீன் விற்பவரைக் கேட்டிருந்தால் இதை இலவசமாகச் சொல்லியிருப்பார். வண்ணப்படமும் விழுக்காடும் வெறும் அலங்காரம்.

சரக்கு இருப்பது உறவினர் பட்டியலில். அதில் உள்ளூர்க்காரர் ஒருவரும் இல்லை. இங்கே இருப்பவர்கள் எதற்கு எச்சில் அனுப்பப்போகிறார்கள்? முதலில் நின்றவர் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் இருக்கும் ஒரு அம்மாள். அத்தைக்கும் அவருக்கும் 46 சென்டிமார்கன் (பகிர்ந்த டிஎன்ஏவை அளக்கும் அலகு) பொதுவாம், மூன்றாவது தலைமுறை உறவாம். இதை அப்படியே நம்ப வேண்டாம். சொந்தத்திலேயே பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் நம் வழக்கம் அந்தக் கணக்குக்குத் தெரியாது. தூரத்து உறவையும் பக்கத்தில் கொண்டுவந்து உட்காரவைத்துவிடும்.

ஆனாலும் எழுதினேன். பாட்டியின் சின்னப்பாட்டனார் ஒருவர் கப்பலேறிப் போனதாக எங்கள் வீட்டில் ஒரு பேச்சு உண்டு. 1860 அக்டோபரில் சென்னையிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ கப்பலில் தொடங்கி 1911 வரை 1,52,184 பேர் ஒப்பந்தக் கூலிகளாக, டர்பன் இருக்கும் நேட்டாலுக்குப் போனார்கள். பெரும்பாலோர் ஏறியது இங்கேதான். துறைமுகம் கட்டும் முன்பு, பலகைகளைக் கயிற்றால் தைத்த மசூலா படகில் அலை தாண்டிப் போய்க் கப்பல் ஏற வேண்டும். எங்கள் மொட்டை மாடியிலிருந்து தெரியும் அதே கடல்.

டர்பன் அம்மாள், ஒப்பந்தக் கூலிகளின் பதிவேட்டில் தன் முன்னோர் பற்றிய வரியைப் படமெடுத்து அனுப்பினார். எண், பெயர், தந்தை பெயர், வயது 22, ஜில்லா 'சிங்கில்புட்' (செங்கல்பட்டுதான்), ஊர்ப் பெயர் எழுத்தர் காதில் விழுந்தபடி. கடைசியில் அங்க அடையாளம்: இடது புருவத்தில் தழும்பு. படித்துக் காட்டியதும் அத்தை, "பனையிலிருந்து விழுந்தவர்தானே" என்றார். இத்தனை வருடத்தில் அத்தை இந்தப் பனையைப் பற்றிப் பேசியதே இல்லை. எனக்குச் சந்தேகம்தான். தந்தை பெயர் மட்டும் எங்கள் வீட்டுப் பழைய பத்திரத்தில் இருக்கும் பெயரோடு ஒத்துப்போகிறது.

இந்தப் பெட்டிக்கு என் மதிப்பெண் ஐந்துக்கு மூன்று. வீட்டில் கப்பலேறிப் போன கதை இருந்தால் வாங்கலாம். இல்லையென்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் மூலப்பத்திரத்தின் நகலுக்கு மனு போடுங்கள், 'இன்னார் குமாரர் இன்னார்' என்று பெயராவது கிடைக்கும். இரண்டாவது குழாய்க்குத் தனிக் கட்டணம் கேட்டார்கள். வெற்றிலையைப் பற்றித் தாளில் எங்கே எழுதியிருக்கிறீர்கள் என்று கேட்ட பிறகுதான் இலவசமாக அனுப்பினார்கள்.