பாளையங்கோட்டையில் பழைய கணினிப் பாகங்கள் விற்கும் ஒரு கடை

எங்கள் மாமா பாளையங்கோட்டையில் டிடிபி மையம் நடத்தியபோது பயன்படுத்திய பென்டியம் 3 செயலி ஒன்றும், இரண்டு எஸ்டி ரேம்களும், அம்மன் கோயில் கொடை நோட்டீசுகளைச் சேமித்து வைத்த ஒரு பெட்டி ஃப்ளாப்பிகளும் சென்ற மாதம் வீட்டு மச்சிலிருந்து கிடைத்தன. ஃப்ளாப்பியில் உள்ளதை நகலெடுக்க மட்டுமானால் யூஎஸ்பியில் இணைக்கும் ஃப்ளாப்பி டிரைவே போதும். ஆனால் அந்தப் பக்கங்கள் யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில், பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் அமைத்தவை என்பதால், அவற்றை அன்று இருந்தபடியே திறந்து பார்க்க விண்டோஸ் 98 இயங்கும் கணினி ஒன்றைக் கட்ட முடிவு செய்தேன். அதற்கான மதர்போர்டைத் தேடித்தான் முருகன்குறிச்சி அருகே மாடியில் உள்ள இந்தப் பழுதுபார்க்கும் கடைக்குச் சென்றேன்.

என்னிடம் இருந்தது, கேசட் போன்ற கருப்பு உறைக்குள் அமைந்த, நெட்டாக ஸ்லாட்டில் செருகும் வகைச் செயலி. அதைக் கையில் வாங்கிப் பார்த்ததுமே, 1998-இல் வந்த இன்டெல் 440பிஎக்ஸ் சிப்செட் (செயலியையும் மற்ற பாகங்களையும் இணைக்கும் சில்லுகள்) உள்ள போர்டுதான் இதற்கு ஏற்றது என்று சொல்லி, கடைக்கார அண்ணாச்சி இரண்டு போர்டுகளை எடுத்து வைத்தார். பார்வைக்குப் புதிதாக இருந்ததை நான் கேட்டேன். செயலி ஸ்லாட்டைச் சுற்றியிருந்த கெப்பாசிட்டர்களின் (மின்னோட்டத்தைச் சீராக்கும் சிறு உருளைகள்) தலை உப்பியிருந்ததைக் காட்டி, "இது வேண்டாம் தம்பி, ரெண்டு மாசங்கூடத் தாங்காது" என்று அவரே தடுத்துவிட்டார். மற்றதில் என் செயலியையும் ரேம்களையும் பொருத்தி, புது சிஆர்2032 பேட்டரி போட்டு, ஒரு மணி நேரம் ஓடவிட்டுக் காட்டிய பிறகே 1,800 ரூபாய் வாங்கினார். விற்றால் போதும் என்று நினைக்காத இந்தப் பொறுமைக்காகவே இந்தக் கடையை மனமாரப் பரிந்துரைக்கிறேன்.

குறையும் உண்டு. அங்கே வாங்கிய 40 ஜிபி ஐடிஇ (பழைய பட்டைக் கேபிள் வகை) ஹார்டு டிஸ்க்கை வீட்டில் இணைத்தபோது, கணினி அதைக் கண்டறியும் இடத்திலேயே உறைந்து நின்றது. அக்காலத்து பயாஸ்கள் (கணினியை முதலில் தொடக்கிவைக்கும், போர்டிலேயே உள்ள நிரல்) பல, ஏறக்குறைய 32 ஜிபிக்கு மேற்பட்ட டிஸ்க்கைத் தாங்குவதில்லை. இதை விற்கும்போதே சொல்லியிருக்க வேண்டும். திரும்பக் கொண்டுபோனபோது, கொள்ளளவைக் குறைத்துக் காட்டும் ஜம்பரை (டிஸ்க்கின் பின்களில் செருகும் சிறு இணைப்பி) பொருத்திக் கொடுத்தார்; கட்டணம் கேட்கவில்லை.

எஸ்எம்பிஎஸ் (கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டி) வாங்குவோர் மட்டும் கவனமாக இருக்க வேண்டும். இக்காலத்தவை பெரும்பாலான மின்திறனை 12 வோல்ட் வழியே தருகின்றன. பழைய போர்டுகளோ 5 வோல்ட்டையே அதிகம் நம்பியிருப்பவை. ஆகவே வாட் அளவை மட்டும் பாராமல், 5 வோல்ட்டுக்கு எத்தனை ஆம்பியர் என்பதை லேபிளில் படித்த பின்பே வாங்குங்கள். ரேமுக்கு நான் செலவே செய்யவில்லை. மச்சில் கிடைத்த 256 எம்பி தாராளம். 512 எம்பியைத் தாண்டினால் விண்டோஸ் 98 தடுமாறும்.

இனி ஏஜிபி கார்டும் (திரைக்கான கிராபிக்ஸ் கார்டு) ஃப்ளாப்பி டிரைவும் பாக்கி. டிரைவின் ஹெட்டைத் துடைத்து, தம்மிடம் உள்ள டிஸ்க்கில் சோதித்த பிறகே தருவேன் என்று வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார். மாமாவின் ஃப்ளாப்பிகளை அதுவரை எந்த டிரைவிலும் போட வேண்டாம் என்றும் சொன்னார்.