பெருவெடிப்பா, ஆதியாகமமா? நான்கு பதில்கள்

தாம்பரத்தில் எங்கள் சபையின் ஓய்வுநாள் பள்ளியில் பதினோராம் வகுப்பு மாணவி ஒருத்தி கேட்டாள்: "அக்கா, பெருவெடிப்பு உண்மையா, ஆதியாகமம் உண்மையா?" பிரபஞ்சம் மிக அடர்ந்த, சூடான நிலையிலிருந்து விரிந்தது என்கிறது பெருவெடிப்புக் கொள்கை; கடவுள் ஆறு நாளில் உலகைப் படைத்தார் என்கிறது வேதாகமத்தின் முதல் நூலான ஆதியாகமம். ஒன்றைப் பிடித்தால் மற்றதை விட்டுவிட வேண்டும் என்ற பயம் அவள் குரலில் இருந்தது. அவளுக்காக, நம் வீடுகளில் புழங்கும் பதில்களை எடைபோட்டுப் பார்த்தேன்.

இரண்டும் பரம விரோதிகள் என்பது முதல் பதில். நாத்திகரும் இதைச் சொல்கிறார்; ஆறு நாளும் இருபத்துநான்கு மணி நேரக் கணக்கே என்று அடித்துச் சொல்லும் விசுவாசியும் சொல்கிறார். 1633இல் கலிலியோவை விசாரித்துத் தண்டித்தது திருச்சபையின் தவறு. அதை மறைக்க வேண்டாம். ஆனால் கலிலியோ கடைசிவரை கத்தோலிக்கராகவே வாழ்ந்தார். பட்டாணிச் செடிகளில் மரபியல் விதிகளைக் கண்ட மெண்டல் ஒரு துறவி. நம் பரங்கிமலை உச்சியில் 1523இல் போர்த்துக்கீசியர் கட்டிய ஆலயம் இருக்கிறது. 1802இல் பிரிட்டிஷ் நில அளவையாளர் லாம்டன் இந்தியாவை அளக்கச் சங்கிலி பிடித்து, மற்ற அளவுகளுக்கெல்லாம் ஆதாரமான முதல் அடிக்கோட்டை அளந்ததும் அந்த மலையருகில்தான். இது எதற்கும் நிரூபணம் ஆகாது. ஆனாலும் படியேறும்போதெல்லாம் எனக்கு நினைவுக்கு வருகிறது.

இரண்டாவது, பாகப்பிரிவினை. உலகம் இயங்கும் விதம் அறிவியலுக்கு, வாழ்வின் பொருளும் அறமும் மதத்துக்கு என்று அமெரிக்கத் தொல்லுயிரியலாளர் ஸ்டீபன் ஜே கூல்ட் 1997இல் எல்லை வகுத்தார். படித்தவர்கள் பலருக்கு இதில் நிம்மதி. எனக்கு இல்லை. இயேசு உயிர்த்தெழுந்தார் என்பது வெறும் அறபோதனை அன்று. எருசலேமில் நடந்ததாகச் சொல்லப்படும் ஒரு செய்தி. அது எந்தச் சுவருக்குள்ளும் அடங்காது.

மூன்றாவதுதான் என்னை மிகவும் கவலைப்பட வைக்கிறது: எல்லா அறிவியலும் வேதத்தில் முன்பே இருக்கிறது என்பது. "வெளிச்சம் உண்டாகக்கடவது" என்ற வசனமே பெருவெடிப்பு என்று வாட்ஸ்அப்பில் வாரந்தோறும் வருகிறது. பிரபஞ்சம் விரிவதை 1927இல் சமன்பாடுகளில் காட்டிய ஜார்ஜ் லெமைத்ர் ஒரு கத்தோலிக்க குரு. 1951இல் போப் பன்னிரண்டாம் பயஸ் பெருவெடிப்புக் கொள்கையைப் படைப்புக்குச் சான்றுபோல எடுத்துப் பேசியது லெமைத்ருக்கே உவப்பாயில்லை. நாளை திருத்தப்படக்கூடிய ஒரு கொள்கையின்மேல் விசுவாசத்தைக் கட்டினால், திருத்தம் வரும் நாளில் விசுவாசமும் சேர்ந்து சரியும். இயற்கையைப் பற்றி அறியாமல் வேதத்தைக் காட்டி உளறினால், உயிர்த்தெழுதலைப் பற்றி நாம் சொல்வதை யார் நம்புவார்கள் என்று 1,600 ஆண்டுகளுக்கு முன்பே திருச்சபையின் இறையியலாளர் அகுஸ்தீன் கடிந்துகொண்டார். சூரியன் தோன்றிய நான்காம் நாளுக்கு முந்திய மாலையும் காலையும் எப்படிப்பட்டவை என்று அவரும் யோசித்துத் தவித்தவர்தான்.

நான் தேர்ந்துகொள்வது நான்காவதை: இரண்டும் தத்தம் முறைப்படி உழைக்கட்டும், எதிரெதிரே உட்கார்ந்து பேசட்டும். லெமைத்ர் அப்படித்தான் வாழ்ந்தார். இது சுலபமான வழி அன்று. ஆதாமின் பாவத்தால் மரணம் வந்தது என்கிறது ரோமர் ஐந்தாம் அதிகாரம். மனிதன் தோன்றுவதற்குக் கோடிக்கணக்கான ஆண்டுகள் முன்பே விலங்குகள் மடிந்ததைப் புதைபடிவங்கள் காட்டுகின்றன. ரோமர் மனித மரணத்தையும் ஆவிக்குரிய மரணத்தையும் மட்டும் சொல்கிறது என்று சிலர் விளக்குகிறார்கள். எனக்கு அது பாதிதான் நிறைவளிக்கிறது.

இத்தனையும் கேட்டுவிட்டு அவள், "அப்படியானால் ஆதாம் யார், அக்கா?" என்றாள். குரலில் பயம் இல்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை வேதாகமத்தோடு அவளுடைய விலங்கியல் புத்தகத்தையும் எடுத்துவரச் சொல்லியிருக்கிறேன்.