டிடி 214-இன் 28-ஆம் கட்டம்: எந்த வாரியத்திடம் போவது?

அமெரிக்கப் படையை விட்டு வரும்போது கையில் தரும் தாள் டிடி 214. அதில் விடுவிப்புக்கான காரணத்தை எழுதும் 28-ஆம் கட்டத்தில் 'ஆளுமைக் கோளாறு' என்று இரண்டே சொல் இருந்தால், வேலை கேட்டுப் போகிற இடத்துக்கெல்லாம் அதுவும் கூடவே வரும். மாற்ற இரண்டு வழி உண்டு.

விடுவிப்பு மறுஆய்வு வாரியத்துக்கு டிடி 293 படிவத்தை 15 ஆண்டுக்குள் போட வேண்டும். நேரில் ஆஜராகிப் பேச உரிமை உண்டு. நடந்ததை முகம் பார்த்துச் சொல்லலாம் என்பதால், முதலில் இங்கே போகச் சொல்வேன். ஆனால் பொது ராணுவ நீதிமன்றத் தீர்ப்பால் வெளியேற்றப்பட்டவருக்கு இந்தக் கதவு திறக்காது. மருத்துவக் காரணத்தால் தரும் பணி ஓய்வும் இங்கே கிடைக்காது.

இரண்டாவது வழியான ராணுவ ஆவணத் திருத்த வாரியம் அந்தப் பணி ஓய்வையும் தரலாம். படிவம் டிடி 149. பிழை தெரிந்து 3 ஆண்டுக்குள் என்பது கெடு. நியாயம் இருந்தால் தளர்த்தலாம். அப்புறம், இங்கே நேர் விசாரணை அபூர்வம், காகிதம்தான் பேசும். மருத்துவர் கடிதம், பணிக்காலப் பதிவுகள் இல்லாமல் அனுப்பிவிடாதீர்கள்.