ஈஸ்டுக்கு நிறம் காட்டும் ரெடிமேட் பிளேட்: எட்டு மாத அனுபவம்

எங்கள் லேபில் முன்பு நோயாளி மாதிரிகளில் வரும் எல்லா ஈஸ்டையும் (ஒற்றைச் செல் பூஞ்சை) சபுராட் அகார் என்ற சாதாரண வளர்ப்புத் தட்டில்தான் போடுவோம். நோய் தரும் ஈஸ்டான கேண்டிடாவில் எந்த வகையாக இருந்தாலும் தயிர்ச் சொட்டு மாதிரி வெள்ளையாக நிற்கும். எட்டு மாதமாக, வகைக்கு ஒரு நிறம் காட்டும் குரோமோஜெனிக் பிளேட் வாங்குகிறோம். பச்சை என்றால் அல்பிகன்ஸ், கருநீலம் என்றால் டிராபிகாலிஸ், ஓரம் பரவிய சொரசொரப்பான ரோஸ் என்றால் குரூசி. குரூசிக்கு ஃப்ளூகோனசோல் என்ற பூஞ்சை மருந்து பிறவியிலேயே கேட்காது. ரோஸைப் பார்த்ததும் வார்டுக்குப் போன் போட்டுவிடுவேன். கத்தீட்டர் சிறுநீர் ஒன்றில் பச்சையும் நீலமும் சேர்ந்தே வந்தன. இத்தனை வருடமாக எத்தனை கலப்பை ஒரே கேண்டிடா என்று எழுதி அனுப்பினேனோ!

ஆனால் பிளேட்டை முழுசாக நம்பினால் மாட்டிக்கொள்வோம். ஒரு ரத்தக் கல்ச்சரில் முதல் நாள் ரோஸ் காலனி (ஈஸ்ட் வளர்ந்த திட்டு). இரண்டாம் நாள் காலை எடுத்துப் பார்த்தால் அதே காலனி நீலமாகிக்கொண்டிருந்தது. நான்தான் எதையோ கலந்துவிட்டேன் என்று நினைத்துத் திரும்பப் போட்டேன். மறுபடியும் அதே கதை. வெளி லேபில் மால்டி-டாஃப் (புரதங்களை வைத்து வகையைச் சொல்லும் கருவி) பார்த்த பிறகுதான் அது கோடமேயா ஓமெரி என்ற வேறு ஈஸ்ட் என்று தெரிந்தது. இப்படி நிறம் மாறுவதே அதன் அடையாளமாம். அன்றிலிருந்து 48 மணி நேரத்துக்கு முன்னால் எந்தப் பிளேட்டையும் தூக்கிப் போடுவதில்லை.

பெயர் தெரிந்தாலும் பாடு தீரவில்லை. டாக்டர் "எந்த மருந்து கேட்கும்?" என்றார். எம்ஐசி எண் (வளர்ச்சியைத் தடுக்கத் தேவையான குறைந்தபட்ச மருந்தளவு) கையில் இருக்கிறது, ஆனால் இந்த ஈஸ்டுக்குக் கேட்கும், கேட்காது என்று பிரிக்கும் வரம்பு, லேப்களுக்குத் தரம் வகுக்கும் அமெரிக்க அமைப்பான சிஎல்எஸ்ஐயின் அட்டவணையில் கிடையாது. எண்ணை மட்டும் எழுதி, குறிப்போடு அனுப்பினேன். டிரைக்கோஸ்போரான் என்ற இன்னொரு ஈஸ்ட் வேறு ரகம்: பூஞ்சை மருந்துகளில் அதற்குக் கேஸ்போஃபங்கின் வீண், வோரிகோனசோல்தான் கைகொடுக்கும். 2009-ல் ஜப்பானில் ஒருவர் காதிலிருந்து பிரித்து விவரிக்கப்பட்ட கேண்டிடா ஆரிஸோ, நாங்கள் வாங்கும் பழைய வகைப் பிளேட்டில் வெளிர் ரோஸாக மற்ற கூட்டத்தோடு ஒளிந்துகொள்ளும். அதைப் பிடிக்க இது போதாது.

இன்னொரு குறை: ஒரு பெட்டி முழுக்க மூடியில் தண்ணீர் கோத்து, காலனிகள் வழிந்து ஒட்டிக்கொண்டன. சப்ளையர் மாற்றித் தந்தார், ஒரு வாரம் போனது. வெளிச்சம் பட்டாலும் பிளேட் கெடும் என்பதால் கவரோடு ஃப்ரிட்ஜில் வைக்கிறோம்.

விலை கூடுதல்தான். அதனால் ரத்தம், ஐசியூ மாதிரிகளுக்கு மட்டும் இது. ஓபி (புறநோயாளி) ஸ்வாப்புக்கு இன்னும் சபுராட்டும், அல்பிகன்ஸை அடையாளம் காணும் ஜெர்ம் டியூப் சோதனையும்தான்.