ஷாட்கி டயோடா, சிங்க்ரனஸ் மாஸ்ஃபெட்டா?

மின்னழுத்தத்தை மாற்றித் தரும் கன்வெர்ட்டரில், மெயின் சுவிட்ச் அணைந்திருக்கும்போது மின்னோட்டம் போக ஒரு வழி வேண்டும். அங்கே ஷாட்கி டயோடு (குறைந்த வோல்ட் விழும் ஒருவழி டயோடு) வைக்கலாம்; அல்லது மெயின் சுவிட்சோடு நேரம் ஒத்து இயங்கும் மாஸ்ஃபெட் (மின்னணு சுவிட்ச்) வைக்கலாம். 5 வோல்ட், 10 ஆம்பியர் தரும் கன்வெர்ட்டர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். முழு நேரமும் கடத்துவதாக வைத்தால், ஷாட்கி டயோடில் சுமார் 0.5 வோல்ட் விழும். 5 வாட் வெறும் சூடாகப் போய்விடும். அங்கே 5 மில்லிஓம் மாஸ்ஃபெட் இருந்தால் கடத்தல் இழப்பு அரை வாட்தான்.

சரி, டயோடைத் தூக்கிப் போட்டுவிடலாமா? அவசரம் வேண்டாம். டயோடு தானாகவே கடத்தும், தானாகவே நிற்கும். மாஸ்ஃபெட்டுக்கு கண்ட்ரோல் ஐசி நேரம் பார்த்துச் சொல்ல வேண்டும். கொஞ்சம் முந்தி ஆன் செய்தால் மெயின் சுவிட்சும் இதுவும் சேர்ந்து கடத்தி ஷார்ட்! பிந்தினால், அந்த இடைவெளியில் மாஸ்ஃபெட்டின் உள் டயோடு கடத்தும். அது ஷாட்கியைவிட மோசம். அப்புறம், லோடு குறையும்போது மின்னோட்டம் பின்னோக்கிப் பாயாதபடி பூஜ்யத்திலேயே அணைக்கவும் வேண்டும்.

10 ஆம்பியருக்கு இது சரி; ஆனால் அரை ஆம்பியர் போன்ற சின்ன வேலைக்கு இத்தனை தலைவலி எதற்கு? நான் ஷாட்கியையே வைப்பேன்.